அது வேற, இது வேற: மனச்சிதைவு இருக்கிறவங்களுக்கு வர்ற பேனிக் அட்டாக்

எங்க அண்ணனுக்கு பதிமூணு வருஷமா மனச்சிதைவு இருக்கு, டாக்டருங்க ஸ்கிசோஃப்ரினியான்னு சொல்வாங்க. எங்க ஊரு கும்பகோணத்துக்குக் கிழக்க அரசலாத்தங்கரையில. மாத்திரை ஒழுங்கா போடும், நடவு அறுப்புன்னா வயலுக்கும் வரும், காதுல குரல் கேக்குறது இன்னும் கொஞ்சம் இருக்கு ஆனா அது பாட்டுக்கு அது கேக்கும், இது பாட்டுக்கு இது வேலை பாக்கும், அந்த அளவுக்கு வந்துடுச்சு.

போன வைகாசில சொந்தத்துல ஒரு கல்யாணம். தாலி கட்டுற நேரம், கெட்டிமேளம் கொட்டுது, எல்லாரும் அட்சதையோட எந்திரிச்சு முன்னாடி நெருக்குறாங்க, பக்கத்துல உக்காந்திருந்த அண்ணன் என் கையைப் புடிச்சுச்சு, கை ஐஸ் மாதிரி, அதுல ஈரம் வேற. "பாப்பா மூச்சு வரல, நெஞ்சு அடைக்குது, செத்துருவேன் போல இருக்கு"ன்னுச்சு. சட்டை முதுகுல ஒட்டிப்போச்சு, உதடு வெளுத்துப்போச்சு, கண்ணு மட்டும் வாசக்கதவையே பாக்குது. எங்க வீட்டுல எல்லாருக்கும் அந்த நேரத்துல ஒரே ஒரு நெனப்புதான், "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு". சித்தப்பாவும் மாமாவும் ஆளுக்கு ஒரு பக்கம் கையைப் புடிச்சு அமுக்கி உக்கார வெச்சாங்க, நான் பையில வெச்சிருந்த ராத்திரி மாத்திரையை அப்பவே ஒண்ணு கொடுத்தேன், வீட்டுக்கு வந்து ராத்திரி அம்மா வழக்கமான நேரத்துக்கு இன்னொண்ணு கொடுத்துட்டாங்க. மறுநாள் பூரா அண்ணன் எந்திரிக்கவே இல்ல, சாயங்காலம் எந்திரிச்சு திண்ணையில உக்காந்து தண்ணி குடிச்சிட்டு சொல்லுச்சு, "நேத்து குரல் ஒண்ணும் கேக்கல பாப்பா, யாரு மேலயும் சந்தேகமும் வரல, அது வேற, இது வேற".

பதிமூணு வருஷம் கூடவே இருந்து எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை அண்ணன் ரெண்டு வார்த்தையில சொல்லிடுச்சு. அடுத்த ஓபிக்கு போனப்ப டாக்டரும் அதையேதான் சொன்னாங்க, அது பேனிக் அட்டாக், மனச்சிதைவு இருக்கிறவங்களுக்கும் தனியா வரும்னு. அதுக்கப்புறம் கேட்டு, படிச்சு, பக்கத்துல இருந்து பாத்து தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதுறேன், வீட்டுல இப்படி ஒருத்தர் இருக்கிற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல பேனிக் அட்டாக்னா என்னன்னு பாப்போம். டெல்டாக்காரங்களுக்கு மதகை வெச்சு சொன்னா டக்குனு புரியும். ஆத்துல வெள்ளம் வருதுன்னு தகவல் வந்தா மதகைப் பாத்துக்கிற லஸ்கர் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கிடுவாரு, வாய்க்கால் முழுக்க தண்ணி திமுதிமுன்னு ஓடும். தகவல் பொய்யா இருந்தாலும் ஷட்டரைத் தூக்கினா தூக்கினதுதான், தண்ணிக்கு நெசம் பொய் தெரியாது. நம்ம மூளைக்குள்ளயும் அப்படி ஒரு காவல்காரர் இருக்காரு, அமிக்டலான்னு பேரு, பாம்பைப் பாத்தா யோசிக்கிறதுக்கு முன்னாடியே நம்மள பின்னாடி குதிக்க வைக்கிறதுல பெரிய பங்கு அதுக்குத்தான். அது ஆபத்துன்னு கத்தின உடனே அட்ரினலின் ரத்தத்துல இறங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு வேகமாகும், வேர்த்துக் கொட்டும், வயித்தைப் பொரட்டும். எல்லாம் ஓடுறதுக்கோ எதுத்து நிக்கிறதுக்கோ உடம்பு பண்ணிக்கிற தயாரிப்பு. பாம்பே இல்லாத எடத்துல, கல்யாண மண்டபத்துல, பஸ்ஸுல, சும்மா படுத்திருக்கும்போது இது மொத்தமும் ஒரே வீச்சுல நடந்தா அதுதான் பேனிக் அட்டாக்.

சில நிமிஷத்துல உச்சிக்குப் போயிடும், பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள, அப்புறம் தானா வடிய ஆரம்பிக்கும். மொத்தத்துல கால்மணி அரைமணி, உடம்பு ஓய்ஞ்ச மாதிரி இருக்கிறது மட்டும் அன்னைக்கு பூரா இருக்கலாம். டாக்டருங்க கணக்குப் பாக்க 13 அறிகுறி வெச்சிருக்காங்க, நெஞ்சு படபடப்பு, வேர்வை, நடுக்கம், மூச்சு முட்டுறது, தொண்டையை அடைக்கிறது, நெஞ்சுவலி, வயித்தைப் பொரட்டுறது, தலை சுத்துறது, குளிர் இல்லன்னா ஒடம்பு காந்துறது, கை கால் மரத்துப் போறது, சுத்தி இருக்கிறது எதுவுமே நெசம் இல்லாத மாதிரி தோணுறது, புத்தி பேதலிச்சிடுமோன்னு பயம், செத்துடுவோமோன்னு பயம். இதுல நாலோ அதுக்கு மேலயோ திடீர்னு சேந்து வந்தா பேனிக் அட்டாக். அது திரும்பத் திரும்ப வந்து, அடுத்து எப்ப வருமோங்கிற பயத்துலயே வாழ ஆரம்பிச்சிட்டாதான் பேனிக் டிஸ்ஆர்டர்னு சொல்வாங்க.

கை விரலும் வாயைச் சுத்தியும் மரமரன்னு ஆகுறதுக்குக் காரணம் ரொம்ப எளிமையானது, ஆனா இதைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். வேகவேகமா மூச்சு விடும்போது ரத்தத்துல இருக்கவேண்டிய கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளிய போயிடுது, அதனாலதான் தலை கிறுகிறுன்னு சுத்துறது, விரல் மரத்துப் போறது, சில பேருக்கு விரல் வெறைச்சு மடங்கிக்கிறது எல்லாம். காத்து பத்தலன்னு தோணும், ஆனா உள்ள காத்து பத்தாம இல்ல, வெளிய விட்டதுதான் ஜாஸ்தி.

இப்ப மனச்சிதைவு. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி உலகம் முழுக்க ரெண்டு கோடி பேருக்கு மேல இருக்கு, சுமாரா 300 பேருக்கு ஒருத்தர். அந்தப் பேரை 1908-ல வெச்சவரு ஸ்விட்சர்லாந்து டாக்டர் யூஜென் பிளாய்லர், கிரேக்கத்துல மனசு பிளவுபடுறதுன்னு அர்த்தம், அதனாலயே ஒரு ஆளுக்குள்ள ரெண்டு ஆளுன்னு ஜனங்க தப்பா நெனச்சிட்டு இருக்காங்க, அது இல்ல இது. இல்லாத குரல் கேக்குறது, யாரோ நமக்குக் கெடுதல் பண்றாங்கன்னு அசைக்க முடியாம நம்புறது, பேச்சும் யோசனையும் கோர்வை இல்லாம போறது, எதுலயும் நாட்டமில்லாம ஒதுங்கிப் போறது, இதெல்லாம் அதோட குணம். நாள்கணக்குல, மாசக்கணக்குல ஓடுற விஷயம் அது.

இந்த ரெண்டும் ஒரே ஆளுக்கு வர்றது அபூர்வம்னு நெனச்சிடாதீங்க. மனச்சிதைவு உள்ள நூறு பேர்ல பத்துலேர்ந்து பதினஞ்சு பேருக்கு பேனிக் டிஸ்ஆர்டரும் இருக்குன்னு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க, டிஸ்ஆர்டர்னு சொல்ற அளவுக்குப் போகாம எப்பவாவது ஒரு அட்டாக் வர்றவங்களையும் சேத்தா இன்னும் ஜாஸ்தி. அப்புறம் ஏன் நம்ம காதுக்கு இது வர்றதே இல்லன்னா அதுக்கும் ஒரு கதை இருக்கு. பேனிக் டிஸ்ஆர்டரை தனி நோயா அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் தன்னோட கையேட்டுல சேத்தது 1980-லதான், அப்பவே கூட ஒரு கட்டுப்பாடும் போட்டாங்க, மனச்சிதைவாலதான் இந்த பீதி வருதுன்னு தோணிச்சுன்னா தனியா பேர் வைக்காதீங்கன்னு. பெரிய நோய்க்குள்ள சின்ன நோய் அடக்கம்ங்கிற கணக்கு. 1987-ல கையேட்டைத் திருத்தினப்ப அதைத் தளர்த்திட்டாங்க. ஆனா அந்த நெனப்பு இன்னும் போகல, எங்க வீட்டுல மண்டபத்துல நாங்க பண்ணதும் அதேதானே, என்ன வந்தாலும் எல்லாம் அந்த ஒரே நோய்தான்னு ஒரே மூட்டையா கட்டிட்டோம்.

ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எப்படித் தூண்டும்னு சொல்றேன், இந்த எடத்தை கொஞ்சம் நிதானமா படிங்க. குரல் மிரட்டும்போது பேனிக் வரலாம், "உன்னை இன்னைக்கு ராத்திரி கொல்லப்போறோம்"னு ஒரு குரல் காதுக்குள்ள சொன்னா யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது. எதிர்ப்பக்கமும் நடக்கும், முதல்ல உடம்புல பேனிக் வருது, காரணம் புரியல, மனசு காரணம் தேடுது, ஏற்கனவே சந்தேகத்துக்குப் பழகின மனசு என்ன காரணத்தைக் கண்டுபிடிக்கும்? அண்ணன் ஒரு நாள் இதைச் சொல்லுச்சு, நோய் வந்த புதுசுல, இருவத்தி ரெண்டு வயசுல, ராத்திரி திடீர்னு கை விரல்லாம் சுருசுருன்னு ஏறும், நெஞ்சு அடிக்கும், யாரோ சுவத்து வழியா கரண்ட்டு அனுப்புறாங்கன்னு அப்ப முடிவே பண்ணிடுச்சாம், அதனாலதான் மெயினை ஆஃப் பண்ணிட்டு இருட்டுல உக்காந்திருக்கும், நாங்க போய் போட்டா சண்டைக்கு வரும். அந்த சுருசுருப்பு மூச்சு வேகமானதால வந்தது. அப்பவே யாராவது அதுக்கிட்ட "உடம்புல என்ன பண்ணுது"ன்னு கேட்டிருந்தா கொஞ்சமாவது பாரம் கொறைஞ்சிருக்கும்னு எனக்கு இன்னைக்கும் மனசு அடிச்சிக்கும், நாங்க கேட்டதெல்லாம் "ஏன் இப்படிப் பண்ற" மட்டும்தான்.

இதே மாதிரி வயித்தைப் பொரட்டினா சோத்துல எதையோ கலந்துட்டாங்கன்னு தோணலாம், நெஞ்சு அடைச்சா யாரோ ஏவல் வெச்சுட்டாங்கன்னு தோணலாம். அதனால அவங்க சொல்ற காரணத்தோட மல்லுக்கட்டாதீங்க, அந்தக் காரணத்துக்குக் கீழ உடம்பு என்ன பண்ணுதுன்னு கேளுங்க.

சரி, வந்திருக்கிறது பேனிக்கா இல்ல நோய் திரும்புதான்னு எப்படி கண்டுபுடிக்கிறது? முழுசா நம்மால சொல்ல முடியாது, அது டாக்டர் வேலை, ஆனா ஒரு கைவாகு இருக்கு. மணியைப் பாருங்க. நோய் திரும்புறது மெல்ல ஏறும், நாலஞ்சு நாளா தூக்கம் கொறையும், சாப்பாட்டை மோந்து பாக்கும், கதவைத் தாழ்ப்பா போட்டுக்கும், தனியா பேசுறது கூடும், ஒரு வாரம் பத்து நாள்னு வளரும். பேனிக் அப்படி இல்ல, பத்து மணிக்கு நல்லா இருந்த ஆளு பத்து அஞ்சுக்கு செத்துடுவேன்னு சொல்லும், பத்தரைக்கு தண்ணி கேக்கும். அப்புறம் அவங்களையே கேளுங்க, நல்லா இருக்கிற நேரத்துல, "அது எப்படி இருந்துச்சு, குரல் கேட்டுச்சா"ன்னு. மனச்சிதைவு இருக்கிறவங்க சொல்றதை நம்பக்கூடாதுன்னு ஒரு பழக்கம் நம்மகிட்ட இருக்கு, அது ரொம்ப தப்பு, அவங்க உடம்பைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாது.

பேனிக் மாதிரியே இருக்கும் ஆனா பேனிக் இல்லாத சில விஷயமும் இருக்கு, இதைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும், ஏன்னா வைத்தியம் வேற.

முதலாவது மாத்திரையோட பக்கவிளைவு. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் மாதிரி மருந்துங்க சில பேருக்கு உள்ளுக்குள்ள ஒரு தாங்கமுடியாத பரபரப்பைக் கொடுக்கும், அகதிசியான்னு பேரு. உக்கார முடியாது, நிக்க முடியாது, காலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டே இருப்பாங்க, வாசலுக்கும் கொல்லைக்குமா நடப்பாங்க. பேனிக்னா வந்து போயிடும், இது மணிக்கணக்கா விடாது, முக்கியமா மருந்து புதுசா ஆரம்பிச்சப்பவோ டோஸ் கூட்டினப்பவோ வரும். இதைப் பாத்துட்டு நோய் ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு டோஸை இன்னும் கூட்டினா நெலைமை மோசமாகும். டாக்டர்ட்ட "கால் நிக்க மாட்டேங்குது"ன்னு அந்த வார்த்தையிலயே சொல்லுங்க, அவங்க டோஸைக் கொறைப்பாங்க, மருந்தை மாத்துவாங்க, இல்லன்னா ப்ரோப்ரனலால் மாதிரி ஏதாவது கொடுப்பாங்க. ஆஸ்துமா இருந்தா அந்த மாத்திரை ஆகாது, முன்னாடியே சொல்லிடணும்.

ரெண்டாவது, கண்ணு ரெண்டும் மேல செருகிக்கிறது, கழுத்து ஒரு பக்கமா திருகிக்கிறது, தாடை பூட்டிக்கிறது. எங்க தெருவுல ஒரு பையனுக்கு இப்படி ஆனப்ப சாமி வந்துடுச்சுன்னு திருநீறு பூசி சூடம் ஏத்தினாங்க. மருந்தால தசை இழுத்துக்கிறது அது, ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டா பெரும்பாலும் கொஞ்ச நேரத்துலயே சரியாகும், தாமதிக்கக்கூடாது. இது இருந்தாலும் இல்லாட்டியும், மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு கடுமையான காய்ச்சல், உடம்பு மரக்கட்டை மாதிரி வெறைப்பு, நெனவு தடுமாற்றம் மூணும் சேந்துச்சுன்னா அது உயிருக்கே ஆபத்தான நெலைமை, உடனே 108.

மூணாவது நெஞ்சுவலி. மனச்சிதைவு உள்ளவங்க மத்தவங்களைவிட சீக்கிரம் இறந்துபோறதுக்கு பெரிய காரணம் தற்கொலை மட்டும்னு ஜனங்க நெனக்கிறாங்க, மாரடைப்பு, சக்கரை, நுரையீரல் மாதிரி உடம்பு நோய்ங்கதான் அதுல பெரும்பங்கு. "மெண்டல் கேஸ்தானே, பயத்துல சொல்றான்"னு ஒதுக்கிடுறதால கண்டுபுடிக்கவேண்டியது கண்டுபுடிக்காம போகுது. முதல் தடவை இப்படி நெஞ்சு அடைச்சா ஈசிஜி ஒண்ணு எடுத்தே ஆகணும், தைராய்டு, சக்கரை, ரத்தசோகை பாத்தே ஆகணும். வலி கைக்கோ தாடைக்கோ போனா, கொஞ்ச நேரத்துல கொறையலன்னா, பேனிக்னு நெனச்சு உக்காந்திருக்காதீங்க. க்ளோசபின்னு ஒரு மனச்சிதைவு மருந்து இருக்கு, அதை ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு வந்தா இதயத் தசை வீக்கமா இருக்கலாம், அது அவசரம்.

காபி பத்தி சொல்லலன்னா கும்பகோணத்துக்காரியா நான் எழுதினதுக்கே அர்த்தமில்ல. கஃபைன் ஜாஸ்தியானா பேனிக்கைத் தூண்டும், இது நல்லா தெரிஞ்ச விஷயம். மாத்திரையோட தூக்கக் கலக்கத்தை ஓட்ட அண்ணன் ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் டிகாஷன் காபி குடிச்சிட்டு இருந்துச்சு, எங்க யாருக்கும் அது கணக்குலயே வரல, காபியெல்லாம் ஒரு விஷயமான்னு. டாக்டர் கேட்டப்பதான் எண்ணிப் பாத்தோம். ஒரே நாள்ல நிறுத்தினா தலைவலி மண்டையைப் பொளக்கும், அதனால வாரத்துக்கு ஒரு டம்ளரா கொறைச்சு இப்ப ரெண்டுல நிக்குது. க்ளோசபின் சாப்பிடுறவங்க இன்னும் கவனமா இருக்கணும், காபி அந்த மருந்தோட அளவை ரத்தத்துல ஏத்தும், பீடி சிகரெட் எறக்கும், அதனால புகையை திடீர்னு விட்டா மருந்து அளவு உடம்புல எகிறிடும், விடுறது நல்லதுதான் ஆனா டாக்டர்ட்ட சொல்லிட்டு விடணும். கஞ்சா ரெண்டு நோய்க்குமே எண்ணெய் ஊத்துற மாதிரி, அதுல பேச்சே இல்ல.

இப்ப பேனிக் வந்துடுச்சு, பக்கத்துல நீங்க இருக்கீங்க, என்ன பண்றது?

அமுக்கிப் புடிக்காதீங்க, இதை முதல்ல சொல்றேன், ஏன்னா நாங்க பண்ண பெரிய தப்பு அதுதான். மூச்சு வரலன்னு சொல்ற ஆளை ரெண்டு பேர் அமுக்கினா மூளைக்குள்ள இருக்கிற காவல்காரருக்கு ஆபத்து உறுதியாயிடும். கூட்டத்தை வெலக்குங்க, ஒரே ஒரு ஆள் மட்டும் பக்கத்துல, நேருக்கு நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல உக்காருங்க, தொடுறதுக்கு முன்னாடி "தொடலாமா"ன்னு கேளுங்க. பேச்சைக் கொறைங்க, ஏற்கனவே குரல் கேக்குறவங்களுக்கு நாலு பேரு நாலு பக்கத்துலேர்ந்து "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா அது இன்னும் நாலு குரல், அவ்வளவுதான். ஒரே வாக்கியம் போதும், "இது பேனிக்கு, எறங்கிடும், நான் இங்கயே இருக்கேன்".

மூச்சை நல்லா இழு இழுன்னு எல்லாரும் சொல்வாங்க, சொல்லாதீங்க, இழுத்தது போதும், விடத்தான் சொல்லணும். சூடான காபியை ஊதுற மாதிரி வாயைக் குவிச்சு மெல்ல மெல்ல ஊதச் சொல்லுங்க, நீங்களும் கூடவே ஊதுங்க. பேப்பர் கவரை மூஞ்சியில வெக்கிற பழைய வைத்தியம் வேணாம், ஒருவேளை அது நெஞ்சு நோயோ ஆஸ்துமாவோ இருந்தா ஆபத்தாயிடும். சில பேருக்கு மூச்சைக் கவனிச்சாலே பயம் கூடும், அவங்களுக்கு கண்ணு முன்னாடி இருக்கிறதை எண்ணச் சொல்லலாம், தென்னமரம் எத்தனை, ஓடு எத்தனை வரிசைன்னு. எங்க அண்ணனுக்கு கைப்பம்புல ஜில்லுன்னு தண்ணி அடிச்சு மணிக்கட்டுல ஊத்தினா கேக்கும், ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. நல்லா இருக்கிறப்பவே உக்காந்து எது கேக்குதுன்னு பேசி வெச்சுக்கணும், அட்டாக் வந்தப்புறம் புதுசா கத்துக்க முடியாது.

நீங்களா டோஸைக் கூட்டாதீங்க. ராத்திரி மாத்திரையை முன்னாடி கொடுக்கிறதால பேனிக் நிக்காது, அது வேலை செய்யுறதுக்குள்ள பேனிக் தானா எறங்கியிருக்கும், மறுநாள் முழுக்க மயக்கம்தான் மிச்சம்.

டாக்டருங்க கொடுக்கிற வைத்தியம் என்னன்னா, முதல்ல மனச்சிதைவுக்கான மருந்து ஒழுங்கா இருக்கான்னு பாப்பாங்க, அதுலயே சில பேருக்கு பேனிக் கொறையும். தேவைப்பட்டா செர்ட்ராலின், எஸிட்டலோபிராம் மாதிரி மாத்திரை சேப்பாங்க, வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆரம்பத்துல கொஞ்சம் படபடப்பு கூடுற மாதிரி கூட இருக்கலாம், பயந்து நிறுத்திடாதீங்க, டாக்டரைக் கேளுங்க. ஃப்ளூவாக்ஸமின்னு ஒண்ணு இருக்கு, அது க்ளோசபினோட அளவை பல மடங்கு ஏத்தக்கூடியது, அதனால வேற டாக்டர்ட்ட போனாலும் என்னென்ன மருந்து சாப்பிடுறோம்னு சீட்டோட போங்க. லோராசிபாம், க்ளோனசிபாம் சீக்கிரமா அமைதிப்படுத்தும், ஆனா பழக்கமாயிடும், பல நாள் சாப்பிட்டுட்டு சட்டுனு நிறுத்தினா பேனிக் ரெண்டு மடங்கா திரும்பும், வலிப்புகூட வரலாம்.

அந்த நிறுத்துற விஷயத்துல நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கு. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறினப்ப அந்தப் பக்கமெல்லாம் கரண்ட்டு வர வாரக்கணக்காச்சு, ரோட்டுல தென்னையும் போஸ்ட்டும் விழுந்து கெடந்துச்சு, மருந்துக் கடை எங்க தொறந்திருக்கும். காத்துச் சத்தத்துலயே பாதிப் பேருக்கு நெஞ்சு படபடக்கும், அதோட மாத்திரையும் தீந்துட்டா? அதனால ஐப்பசி பொறக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட கேட்டு பதினஞ்சு நாள் மாத்திரையை கூடுதலா வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு பரண்ல வெச்சுடுங்க, நாங்க வருஷா வருஷம் விதை நெல்லு எடுத்து வைக்கிற மாதிரி வெச்சுடுறோம்.

மருந்தைத் தாண்டி பேச்சு வைத்தியம் இருக்கு, சிபிடின்னு சொல்வாங்க, மனச்சிதைவு இருக்கிறவங்களுக்கும் அது உதவும். அதுல முக்கியமானது பயந்து ஒதுங்கின எடத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா திரும்பப் போறது. எங்க வீட்டு விஷயத்தையே சொல்றேன். அண்ணன் ரெண்டு வருஷமா பஸ் ஏறாது, கடைத்தெருவுக்கு வராது, நாங்க நோயாலதான் ஒதுங்கிடுச்சுன்னு நெனச்சோம், அப்பாயி சோம்பேறின்னே சொல்லிடும். மனச்சிதைவுல நாட்டம் கொறைஞ்சு ஒதுங்குறதும் உண்டுதான், ஆனா அண்ணனுக்கு போக ஆசை இருந்துச்சு, பஸ்ஸுல ஒரு தடவை பேனிக் வந்ததால பயந்துக்கிட்டு இருந்துச்சு, யாருக்கிட்டயும் சொல்லல. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், கேட்டாதான் தெரியும். அப்புறம் டாக்டர் சொன்னபடி ஆரம்பிச்சோம், முதல் வாரம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போய் நின்னுட்டு வர்றது, அடுத்து மதியானம் கூட்டமில்லாத டவுன் பஸ்ஸுல ஒரே ஒரு ஸ்டாப்பு, நான் கூட, அப்புறம் அண்ணன் மட்டும் பஸ்ஸுல நான் பின்னாடி ஸ்கூட்டில. மூணாவது மாசம் பாபநாசம் வரைக்கும் தனியா போய் உரக்கடையில யூரியா விசாரிச்சிட்டு வந்துச்சு.

இன்னொண்ணும் மறைக்காம சொல்லணும். மனச்சிதைவோட பேனிக்கும் சேந்து இருக்கிறவங்களுக்கு தற்கொலை எண்ணம் வர்றது கூடுதல். கேட்டா எண்ணத்தை நாமளே கெளப்பிவிட்ட மாதிரி ஆகிடுமோன்னு பயப்படாதீங்க, ஆகாது. "செத்துடலாம்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க. ஆமான்னா தனியா விடாதீங்க, பூச்சிமருந்து டப்பாவை வீட்டை விட்டே எடுத்துடுங்க, நம்ம விவசாய வீட்டுல அது கை எட்டுற தூரத்துல இருக்கும், அதே நாள் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. ராத்திரி நேரம்னா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க. பாக்குறதுக்கு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுலயும் திருவாரூர் மெடிக்கல் காலேஜுலயும் மனநலப் பிரிவு இருக்கு.

கோயிலுக்குப் போறவங்களை நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். எங்க அம்மா அண்ணனைக் கூட்டிக்கிட்டு குணசீலம் போய் பெருமாளை வேண்டிக்கிட்டு வந்தாங்க, காவிரிக்கரையில மனநிலை சரியில்லாதவங்களை காலங்காலமா கூட்டிட்டுப் போற கோயில் அது, அந்த அமைதி அண்ணனுக்கும் புடிச்சுது. மாத்திரைப் பையும் கூடவே போச்சு, அவ்வளவுதான் நான் கேக்குறது.

ஓபியில டாக்டர் நம்மளப் பாக்குறது அஞ்சு நிமிஷம், வெளிய நூறு பேர் நிப்பாங்க, அதுல "எப்படி இருக்காரு"ன்னா "பரவால்லங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டா பேனிக்கைப் பத்தி அவங்களுக்கு எப்படித் தெரியும். அதனால ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டிருக்கேன். தேதி, எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்கு எறங்குச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, குரல் கேட்டுச்சா, எத்தனை டம்ளர் காபி, ராத்திரி தூக்கம் எப்படி, அவ்வளவுதான். ஆடியில ஒம்போது தடவை, ஆவணியில ஆறு, கார்த்திகையில ரெண்டு. டாக்டர் அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பாத்துட்டுதான் மனச்சிதைவு மாத்திரையோட டோஸைக் கூட்டாம அப்படியே விட்டாங்க.

மார்கழியில ஒரு நாள் விடியக்காலம் கோயில் ஒலிபெருக்கி போட்ட சத்தத்துல அண்ணன் எந்திரிச்சு உக்காந்துச்சு, நான் கோலம் போட்டுட்டு இருந்தேன், உள்ளேர்ந்து "பாப்பா மணி பாரு"ன்னு கூப்புட்டுச்சு. அஞ்சு பத்து. நான் போய் பக்கத்துல உக்காந்தேன், ஒண்ணும் பேசல, ரெண்டு பேரும் ஊதிக்கிட்டே இருந்தோம். அஞ்சு இருவத்தி நாலுக்கு நோட்டை எடுன்னு அதுவே சொல்லுச்சு.